எறும்புக் காசில் திறந்த கண்

அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் டைப்பிங் அக்காதான். மூன்றாவது மாடியில் இருக்கும் அறுபத்தெட்டு வயது பல்செட்காரர்கூட வாய் நிறைய "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். "உங்களைவிடப் பதினாறு வயசு சின்னவ நான்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "அப்போ சின்ன அக்கான்னு வெச்சுக்கலாம்" என்றார் அவர். அதோடு விட்டுவிட்டாள்.

டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, வீட்டில் உட்கார்ந்தபடியே ரிப்போர்ட்டாக அடித்துக் கொடுப்பது அவள் வேலை. முப்பது வருடமாக அதுதான். அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் "முழுமையற்றது" என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கூலி கிடையாது. அதனால் எங்கே காலிக் கட்டத்தைப் பார்த்தாலும் அவளுக்குக் கை பரபரக்கும். கேட்டு விசாரித்து நிரப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். யாருக்காவது மாதிரிப் படிவம் அடித்துக் கொடுக்கவேண்டி வந்தால் தன் பெயரையும் தன் வீட்டு எண்ணையுமே போட்டு நிரப்பிவிடுவாள். காலியாக விட்டால் அது அவளுக்குத் தட்டில் பாதிச் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்த மாதிரி.

அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஓட்டிக்கொண்டிருந்தவர் என்று சொல்லவேண்டும். ஒரு நாள் காலையில் வேனைக் கொண்டுபோய் ஷெட்டில் விட்டுவிட்டு, நேரம் கெட்ட நேரத்தில் வீட்டுக்கு வந்து, சாவியை மேஜைமேல் வைத்தார்.

"என்னங்க, லீவா?"

"இல்ல. இனிமே நான் ஓட்டலை."

"ஏன், முதலாளிகூடச் சண்டையா?"

"சிவப்பு கோட்டு போட்ட ஒரு புள்ளை ரோட்டோரமா நின்னுது. நான் தபால் பெட்டின்னு நெனச்சுட்டேன். அது நடக்க ஆரம்பிச்சப்புறம்தான் பிரேக் போட்டேன்." அவர் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணும் ஆகலை. ஆனா தபால் பெட்டி நடக்காது பாரு."

இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது என்றார் கண் டாக்டர். பயப்பட ஒன்றும் இல்லை, ஒவ்வொன்றாக ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்துவிடலாம், இரண்டும் தெளிந்தபிறகு சோதனை செய்து எழுதித் தந்தால் பழையபடி வேன் ஓட்டலாம் என்றார். செலவைச் சொன்னபோதுதான் அக்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இலவசமாகச் செய்யும் இடத்தில் பேர் எழுதிவைத்தார்கள். பதினான்கு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். பதினான்கு மாதம் ஒரு வேனும் காத்திருக்காது, வேன் முதலாளியும் காத்திருக்கமாட்டார்.

மனுஷர் வீட்டில் உட்கார்ந்தார். நாலு நாள் ரேடியோ கேட்டார். ஐந்தாம் நாள் சமையலில் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். கண் தெரியாதவருக்கு உப்பு மட்டும் எப்படித் தெரிகிறது என்று அக்கா கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவள் தம்பி போன் செய்தான்.

"அக்கா, உன் கம்ப்யூட்டர் நீ டைப் அடிக்கற நேரம் போக மீதி நேரம் என்ன பண்ணுது?"

"தூங்குது. என்னை மாதிரியா?"

"தூங்க விடாதே. சம்பாதிக்கச் சொல்லு."

அவன் சொன்னதை அவள் தனக்குப் புரிந்த மாதிரி இப்படி வைத்துக்கொண்டாள். இணையத்தில் புழங்கும் காசு ஒன்று இருக்கிறது. அதை அடித்துவிட ஆபீஸ் கிடையாது, பூட்டிவைக்க பேங்க் கிடையாது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்கிற ஏட்டை உலகம் முழுக்க இருக்கும் கம்ப்யூட்டர்கள் சேர்ந்து எழுதிச் சரிபார்க்கின்றன. எழுதுகிற கூலிதான் அந்தக் காசு. அதற்கு மைனிங் என்று பேர். மற்ற காசுகளுக்கு மண்டபம் மண்டபமாகப் பெரிய மெஷின் வைத்திருப்பவனுக்குத்தான் கூலி கிடைக்கும். இந்தக் காசைச் செய்தவர்கள் வேண்டுமென்றே, வீட்டில் இருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடினால்தான் லாபம் என்கிற மாதிரி செய்துவிட்டார்கள்.

"பேரு என்னடா?"

"எறும்பு."

"கடிக்குமா?"

"கரண்டு பில்லுல கடிக்கும். மாசம் ஒரு சினிமா டிக்கெட் காசு மிஞ்சினாப் பெரிசு. ஆனா சேத்து வெச்சா விலை ஏறும்போது வித்துக்கலாம். குழுவுல சேர்ந்துடு. தனியாப் பண்ணினா வருஷத்துல ஒரு நாள் வரும், குழுவுல தினம் தினம் பொடிப்பொடியா வரும்."

அவனே தூரத்திலிருந்து அவள் கம்ப்யூட்டருக்குள் புகுந்து எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தான். அவளுக்கு ஒரு முகவரி கிடைத்தது. தெரு, வீட்டு எண் என்று இல்லை. எழுத்தும் எண்ணுமாகத் தொண்ணூற்றைந்து எழுத்து நீளம். சம்பாதிக்கும் எறும்பெல்லாம் அந்த முகவரியில் போய் விழும். அதைத் திறந்து எடுக்க ரகசியச் சொற்கள் தனியாக இருந்தன, அவற்றை அவள் தாளில் எழுதி அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். முகவரியை மூன்றாம் நாளே கீபோர்டைப் பார்க்காமல் அடித்துக் காட்டினாள். வேன்காரர் அசந்துபோனார். "கல்யாண நாள் மட்டும் உனக்கு ஞாபகம் வராது" என்றார்.

இந்த மாதிரி சமாச்சாரம் மாடிப்படி இருக்கும் கட்டடத்தில் ஒரு வாரத்துக்குமேல் ஒளிந்திருக்காது. கீழ்வீட்டுப் பேக்கரிக்காரர்தான் முதலில் வந்தார்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல என்னமோ வறுக்கறீங்களாமே? படிக்கட்டு வரைக்கும் விசிறிச் சத்தம் கேக்குது."

பிறகு பல்செட்காரர் வந்தார். நாலாவது மாடிக் கணக்கு டீச்சர் வந்தாள். இன்னும் மூன்று வீட்டிலிருந்து வந்தார்கள். ஆறு பேருக்கும் ஆறு தரம் வாயால் சொல்வதற்கு பதில் அக்கா உட்கார்ந்து ஒரு தாளில் பத்துப் படிகளாக அழகாக டைப் அடித்தாள். ஓட்டவேண்டிய கோப்பையும் ஒரு பென்டிரைவில் போட்டு வீடு வீடாக அனுப்பினாள். கோப்பில் நாலாவது வரி முகவரிக்கு. ஒன்பதாவது படி, வருஷக் கடைசி வரை யாரும் எடுக்கவேண்டாம், எடுப்பது எப்படி என்று அப்போது சொல்லித் தருகிறேன். பத்தாவது படி, எவ்வளவு சேர்ந்தது என்று பார்க்க இந்தப் பக்கத்துக்குப் போகவும்.

அதன்பிறகு அந்தக் கட்டடத்துக்கே ஒரு புது வாழ்வு வந்தது. பேக்கரிக்காரர் கம்ப்யூட்டர் பெட்டிமேல் ரொட்டி மாவுச் சட்டியை வைத்துவிடுவார். அந்தச் சூட்டில் மாவு பிரமாதமாகப் பொங்குகிறது, காசு வராவிட்டாலும் கவலையில்லை என்றார். பல்செட்காரர் வீட்டில் செயற்கைப் பல்லை ராவும்போது பறக்கும் பொடியெல்லாம் கம்ப்யூட்டர் விசிறிக்குள் போய், மாதத்துக்கு ஒரு தடவை அது தும்முகிற மாதிரி நின்றுபோகும். பிரஷ்ஷால் தேய்த்து மறுபடி ஓட்டுவார். "ஊருக்கெல்லாம் பல் கட்டறேன், இதுக்குப் பல் தேய்ச்சு விடறேன்" என்பார்.

மாடிப்படியில் பார்த்துக்கொண்டால் இதுதான் பேச்சு.

"எவ்ளோ ஆச்சு உங்களுக்கு?"

"ரெண்டாயிரத்து நூத்தி எட்டு."

"அட, எனக்கும் அதேதான்!"

"பாத்தீங்களா, நியாயமான காசு. பெரியவன் சின்னவன்னு பாக்கறதில்ல. எல்லார் வீட்லயும் ஒரே அளவு!"

யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்கென்றே செய்த காசு, எல்லார் வீட்டிலும் இருப்பதும் சாதாரணக் கம்ப்யூட்டர், அதனால் எல்லோருக்கும் ஒரே அளவு என்று அவரவர் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

அக்காவுக்கு மட்டும் கொஞ்சம் ஆச்சரியம். தம்பி சொன்ன சினிமா டிக்கெட் கணக்கைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. நம் மெஷின் பழசானாலும் கெட்டி என்று நினைத்துக்கொண்டாள். தினம் ஒரு தடவை அதன் தலையில் துணியால் துடைத்துவிடுவாள்.

நாலு மாதம் போயிற்று. திடீரென்று எறும்பின் விலை பல மடங்கு ஏறியது. தம்பி போன் போட்டு, "இப்ப வித்துடு அக்கா, இந்த ஏத்தம் நிக்காது" என்று கத்தினான். தன் முகவரியில் கிடந்ததில் பாதியை விற்றாள். குழுவின் பக்கம் மொத்தம் சேர்ந்ததைத்தான் காட்டும், விற்றதைக் கழிக்காது. கையிருப்போடு சேர்த்தால் ஒரு கண்ணுக்குச் சரியாக வந்தது. மீதி எறும்பையும் இனிமேல் சேர்வதையும் அடுத்த கண்ணுக்கு என்று வைத்தாள். மூன்று வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமை இரண்டாவது ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள்.

முதல் கண் கட்டைப் பிரித்த அன்று வேன்காரர் வீட்டுக்கு வந்து, ஒரு கையால் பழைய கண்ணைப் பொத்திக்கொண்டு புதுக்கண்ணால் அவளை மட்டும் பார்த்தார்.

"நீ இவ்ளோ நரைச்சுட்டியா?"

"ஏன், திரும்பக் கட்டு போட்டுவிடச் சொல்லவா?"

"வேணாம் வேணாம். நல்லாத்தான் இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "ரொம்ப நாளாச்சு உன் மூஞ்சியைப் பாத்து" என்றார். அக்கா அடுப்படியில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

புதுக்கண் வந்த மனுஷருக்குப் பொழுது போகவேண்டுமே. சுவரில் விரிசலைப் பார்த்தார். ஜன்னல் கம்பியில் துருவைப் பார்த்தார். மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எறும்புப் பக்கத்தைப் பார்க்க உட்கார்ந்தார். அக்கா அதில் நடுவில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. அவர் அடிவரை படித்தார்.

"இங்க வா. இது என்ன, சாம்பல் கலர்ல பொடி எழுத்துல போட்டிருக்கு? இணைந்துள்ள கணினிகள், ஏழு."

"ஏழா? ஒண்ணா இருக்கும். சரியாப் பாருங்க."

"புதுக்கண்ணும்மா இது. ஏழுதான்."

"நம்மகிட்ட ஒண்ணுதானே இருக்கு?"

"அதான் கேக்கறேன். மிச்சம் ஆறு யார் வீட்ல இருக்கு?"

கேட்டுவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். அக்கா மெல்ல எழுந்து, வீடு வீடாகக் கொடுத்த அந்தத் தாளின் பிரதியைத் தேடி எடுத்தாள். கோப்பையும் திறந்தாள். நாலாவது வரியில் முகவரி காலியாக இல்லை. காலியாக விட மனசு வராமல், மாதிரிக்கு என்று தன்னுடைய தொண்ணூற்றைந்து எழுத்தையும் பார்க்காமலே அடித்து நிரப்பியிருந்தாள். மாதிரி என்று பக்கத்தில் ஒரு வார்த்தை போட மறந்திருந்தாள். ஆறு வீட்டிலும் அதை அப்படியே ஓட்டியிருக்கிறார்கள். பத்தாவது படியில் கொடுத்த பக்கமும் அவள் முகவரியின் பக்கம்தான். ஆறு பேரும் அவளுடைய உண்டியலைத் தங்கள் உண்டியல் என்று தினம் எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே எண் வராமல் வேறு என்ன வரும்?

"ஐயோ" என்றாள்.

வேன்காரர் புதுக்கண்ணை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். "அப்போ இந்தக் கண்ணு ஏழுல ஆறு பங்கு அவங்களோடது."

"விளையாடாதீங்க. திட்டம் போட்டுச் செஞ்சேன்னு நெனப்பாங்க. நான் அடிச்சுக் குடுத்த தாள், என் முகவரி, என் வீட்டுக்காரர் கண்ணு. யார் நம்புவாங்க?"

"சொல்லாம விட்டா?"

"சொல்லாம விட்டா இந்தப் படியில எப்படி ஏறி இறங்கறது?"

"அதான். சொல்லிடலாம்."

"ரெண்டாவது கண்ணு?"

அவர் யோசித்தார். "அது பதினாலு மாசம் வரிசையில நிக்கட்டும். ஒண்ணை வெச்சு வேன் ஓட்ட முடியாது, ஆனா உன்னைப் பாக்கலாம்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆறு வீட்டையும் கூப்பிட்டாள். முந்தின நாள் முழுக்க எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்திருந்தாள். எல்லோரும் வந்து கட்டிலிலும் தரையிலுமாக உட்கார்ந்தபோது எல்லாம் மறந்துபோயிற்று. அதற்குமேல் அவர்கள் சந்தோஷமாக வேறு வந்திருந்தார்கள். வருஷக் கடைசிக்கு முன்னாலேயே எடுத்துக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"நான் மாவு பிசையற மெஷின் பாத்து வெச்சுட்டேன்" என்றார் பேக்கரிக்காரர். "கையால பிசைஞ்சு பிசைஞ்சு தோள்பட்டை போச்சு."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அக்காவுக்கு அடக்கமுடியவில்லை. தாளைத் தூக்கிக் காட்டி, நாலாவது வரியைக் காட்டி, சொல்லவேண்டியதை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எதையும் மறைக்கவில்லை. விற்றதையும் சொன்னாள், எதற்குச் செலவானது என்பதையும் சொன்னாள். "மீதி இருக்கறதை ஆறு வீட்டுக்கும் பிரிச்சுக் குடுத்துடறேன். செலவானதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கறேன். ரெண்டாவது ஆபரேஷனை நிறுத்தச் சொல்லி நாளைக்குப் போன் பண்றேன். நான் வேணும்னு பண்ணலை. அவ்ளோதான் எனக்குச் சொல்லத் தெரியுது."

பேக்கரிக்காரர் தாளை வாங்கி நாலாவது வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்போ எங்க வீட்ல அஞ்சு மாசமா ஓடினது?" என்றார் பேக்கரிக்காரர்.

"என் முகவரிக்கு வந்துச்சு அண்ணே."

"கரண்டு பில்லு?"

"அது உங்க முகவரிக்கு வந்துச்சு" என்றார் பல்செட்காரர். யாரோ களுக் என்று சிரித்தார்கள். பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை.

"சிரிப்பு என்ன சிரிப்பு? நான் தினம் பொண்டாட்டிக்கு அந்த நம்பரைக் காட்டி, பாரு பாருன்னு சொல்லிட்டிருந்தேன். இப்ப போய் என்ன சொல்றது? ஒரு தாளை ஒழுங்கா அடிக்கத் தெரியாதா உங்களுக்கு? முப்பது வருஷமா அதானே வேலை?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு வலித்த இடம் அதுதான், அவர் சரியாக அங்கேயே தொட்டுவிட்டார். வேன்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணே, அவங்களை மட்டும் திட்டாதீங்க" என்றாள் கணக்கு டீச்சர். சுவரில் சாய்ந்து இதுவரை வாயே திறக்காமல் இருந்தவள். "எனக்கு ஒரு மாசத்துக்கு முன்னாடியே தெரியும்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீங்களும் பல்செட் சாரும் படியில நின்னு நம்பர் சொல்லிக்கிட்டீங்க. கடைசி இலக்கம் வரைக்கும் ஒண்ணா இருந்துச்சு. பரீட்சையில ரெண்டு பசங்க இப்படி எழுதினா நான் என்ன செய்வேன்? மேலே போய்க் கோப்பைத் திறந்து பாத்தேன். எல்லாம் ஒரே முகவரின்னு தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் டீச்சர் சொல்லலை?" என்றாள் அக்கா.

"சொல்லத்தான் இறங்கி வந்தேன். நீங்க கதவைத் திறந்ததும் டாக்டர் நாள் குடுத்துட்டார்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னீங்க. நான் சர்க்கரை கேட்டு வந்த மாதிரி ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்கிட்டுப் போயிட்டேன். சொல்லியிருந்தா நீங்க அன்னிக்கே நிறுத்தியிருப்பீங்க. இப்ப நிறுத்தறேங்கறீங்களே, அதே மாதிரி." அவள் மற்றவர்களைப் பார்த்தாள். "என் பங்கு அந்தக் கண்ணுலயே இருக்கட்டும். அடுத்ததுலயும் இருக்கட்டும். என் மெஷின் வழக்கம்போல ஓடும், நான் முகவரியை மாத்தப் போறதில்ல."

"நானும்தான்" என்றார் பல்செட்காரர். "ஊர்ல எத்தனை பேரு வாயில என் பல்லு இருக்கு. கண்ணுல ஒரு பங்கு இருந்தா இருக்கட்டுமே. இதுவரைக்கும் அந்த வியாபாரம் பண்ணினதில்ல."

இன்னும் மூன்று வீட்டுக்காரர்களும் வேண்டாம், வேண்டாம், முதலில் கண்ணைப் பாருங்கள் என்றார்கள். ஒருத்தி அக்காவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அக்கா அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துடைத்தாள். நன்றி என்று சொல்லப் போனால் அது வாய்க்குள்ளேயே உடைந்துபோயிற்று. ஒருவர் வேண்டாம் என்று சொல்லும்போது இலேசாக இருந்தது. ஐந்து பேர் வரிசையாக வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, நெஞ்சுமேல் ஒவ்வொரு செங்கல்லாக அடுக்குகிற மாதிரி ஆகிவிட்டது. இதை எந்தக் காலத்தில் இறக்கிவைப்பது?

வேன்காரருக்கும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். எழுந்து நின்றார்.

"எனக்குப் பேசத் தெரியாது. ரெண்டாவது கண்ணும் சரியாகி, டாக்டர் எழுதிக் குடுத்துட்டா, அன்னியிலேர்ந்து ஒரு வருஷம் இந்தக் கட்டடத்துப் புள்ளைங்களுக்கு வேன்ல காசு கிடையாது. முதலாளிக்கு அந்தக் காசை என் சம்பளத்துலேர்ந்து நான் குடுத்துக்கறேன்."

"சேச்சே, என்ன பேச்சு இது" என்றார் பல்செட்காரர். "அதெல்லாம் வேணாம்" என்றாள் டீச்சர். எல்லோரும் மறுபடி வேண்டாம் பாட்டை ஆரம்பித்தார்கள்.

"நான் ஒத்துக்கறேன்" என்றார் பேக்கரிக்காரர்.

எல்லோர் பார்வையும் அவர்மேல் போயிற்று.

"என்ன பாக்கறீங்க? உங்க வீட்லயெல்லாம் புள்ளைங்க வளந்தாச்சு. புது டிரைவர் இந்தத் தெருப்பக்கமே வர்றதில்ல, என் பொண்ணை அஞ்சு மாசமா நான்தான் நடத்திக் கூட்டிட்டுப் போறேன். அடுப்புல ரொட்டி வேகற நேரம் அது. போயிட்டு வர்றதுக்குள்ள தினம் ஒரு தட்டு கருகுது. கரண்டு பில்லும் நான் கட்டி, ரொட்டியும் நான் கருக்கி, வேணாம் வேணாம்னு வேற சொல்லணுமா? ஒரு வருஷம் சும்மா. ரெண்டாவது கண்ணுக்கு என் பங்கையும் எடுத்துக்கங்க. ஆனா நான் ஒத்துக்கறேன்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மட்டும் விறைப்பாக எழுந்து, மாவு பொங்கி வழிந்திருக்கும் என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார்.

அந்த வியாழக்கிழமை இரண்டாவது கண்ணும் ஆயிற்று. ஒரு மாதம் கழித்து டாக்டர் எழுத்து வரிசையைப் படிக்கச் சொன்னார். வேன்காரர் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, கீழே அட்டை அச்சடித்தவன் பேரையும் படித்தார். சான்றிதழ் கிடைத்தது. முதலாளி முணுமுணுத்துக்கொண்டே வேனைக் கொடுத்தார். இத்தனை மாதமாக ஓட்டியவன் கியரை அறுத்துவிட்டானாம். அக்கா மறுபடி உட்கார்ந்து பத்துப் படிகளையும் புதிதாக அடித்தாள். நாலாவது வரியில் கோடு மட்டும் போட்டாள். அதைக் காலியாக விட்டுவிட்டு எழுந்துவர அவளுக்கு முழுசாகக் கால்மணி நேரம் பிடித்தது. வீடு வீடாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவரவருக்கு அவரவர் முகவரியைப் போட்டுக் கொடுத்தாள். டீச்சர் மட்டும் கதவைத் திறந்து, "பரீட்சைப் பேப்பர் திருத்தறேன், அடுத்த வாரம் வாங்க" என்றாள். அடுத்த வாரமும் பரீட்சைப் பேப்பர்தான்.

வேன் ஓடத் தொடங்கிய திங்கட்கிழமை காலை அக்கா வாசல்வரை இறங்கி வந்தாள். வேன் கட்டடத்து முன்னால் புகைவிட்டு நின்றது. உள்ளே அவர், சட்டையில் இஸ்திரி மடிப்போடு, ரெண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேக்கரிக்காரர் கையெல்லாம் மாவோடு மகளைக் கூட்டிவந்து, பையை எடுத்துக் கொடுத்து, முன் சீட்டில் ஏற்றினார்.

"ஒரு வருஷம்னு சொன்னீங்க" என்றார் ஜன்னல் வழியாக. "பள்ளிக்கூட லீவு நாளெல்லாம் கழிச்சுக்கணும். அது கணக்குல வராது."

"கழிச்சுக்கலாம் அண்ணே."

"மழைக்கு லீவு விட்டா அதுவும்."

"அதுவும்தான்."

"அப்போ சரி. பாத்துப் போங்க."

வேன் கிளம்பிப் போயிற்று. முனையில் திரும்பும்போது நின்று, யாரோ கடந்து போகும்வரை பொறுத்து, பிறகு திரும்பியது. அக்காவுக்கு அந்த நிமிஷம் நெஞ்சுமேல் இருந்த செங்கல்லை யாரோ ஒவ்வொன்றாக இறக்கிவைக்கிற மாதிரி இருந்தது. பேக்கரிக்காரர் வீட்டில் தினம் காலையில் அவளால் ஒரு காரியம் நடக்கப் போகிறது. வருஷம் முழுக்க நடக்கும். லீவு நாளைக் கழித்தால் வருஷம் இன்னும் கொஞ்சம் நீளும்.

பேக்கரிக்காரர் திரும்பி உள்ளே போகப் பார்த்தார்.

"அண்ணே" என்றாள்.

"என்ன?"

"நன்றி அண்ணே."

"எதுக்கு? கண்ணுக்கா? அதான் எல்லாரும் குடுத்தாங்களே."

"அதுக்கு இல்ல. நீங்க வாங்கிக்கிட்டதுக்கு."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். சும்மா வாங்கிக்கொண்டவனுக்கு நன்றி சொல்லும் ஒருத்தியை அவர் தொழிலில் இதுவரை பார்த்ததில்லை.

"ரொட்டி கருகுது அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.